அரக்கோணத்து விமானம் ஏன் நிற்காமலே போகிறது?

ஆனி மாதம், காலை எட்டு மணி. அரக்கோணத்துக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய ஒரு டீக்கடை. திருவள்ளூர்ப் பக்கம் வானத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருந்தது. நம்மை நோக்கி நேராக வருகிற விளக்கு அப்படித்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி இரண்டானது, இறக்கை முளைத்தது, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய விமானம் தலைக்கு மேலே போய்ப் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

"இருங்க, மறுபடி ஏறும்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர்.

சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் குபீரென்று கிளம்பியது. தூரத்தில் மரங்களுக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு அதே விமானம் காவேரிப்பாக்கம் திசையில் ஏறியது. ஒரு வளைவு, நீளமாக ஒரு நேர்கோடு, இன்னொரு வளைவு. ஏழெட்டு நிமிஷத்தில் திருவள்ளூர்ப் பக்கம் மறுபடி அதே வெளிச்சப் புள்ளி.

புத்தகப் பையோடு பஸ்ஸுக்கு நின்ற பேரன் கேட்டான்: "தாத்தா, அதுக்கு பிரேக் புடிக்கலையா?"

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது பழகுதுடா."

பெரியவர் சொன்னதைவிடச் சரியான சொல் இதற்குக் கிடையாது. மாடு ஏருக்குப் பழகுகிற மாதிரி, கை தறிக்குப் பழகுகிற மாதிரி, விமானி தரைக்குப் பழகுகிறார். இதைத்தான் விமானிகள் 'டச் அண்ட் கோ' என்கிறார்கள். தரையைத் தொடு, நிற்காதே, கிளம்பு. ஒரு தடவை கிளம்பிச் சுற்றிவந்து தொடுவது ஒரு 'சர்க்யூட்'.

முதலில், பழகுவது எது என்று பார்த்துவிடலாம். அரக்கோணத்தில் இருப்பது இந்தியக் கடற்படையின் விமானத் தளம், ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச் 11 அன்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். நாம் பார்த்த சாம்பல் விமானத்தின் பெயர் பி-8ஐ. போயிங் நிறுவனம் செய்தது. நீங்கள் கோயம்புத்தூருக்கும் மும்பைக்கும் ஏறிப்போகிற போயிங் 737 தான் இதற்கு அடிப்படை. அதனால்தான் முதல் பார்வையில், "ஏதோ பயணிகள் விமானம் வழி தவறி வந்துவிட்டது" என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உடம்பு நெடுக ஜன்னல் வரிசை இருக்காது. இறக்கை நுனி மேல்நோக்கி மடங்கியிருக்காமல் பின்னால் சாய்ந்து கூராக முடியும். வயிற்றிலும் முதுகிலும் ஆண்டெனாக்கள் முள் முள்ளாக நிற்கும். வாலில் குச்சிபோல ஒன்று பின்னால் நீண்டிருக்கும். கடலுக்கடியில் பெரிய இரும்புப் பொருள் இருந்தால் பூமியின் காந்தப்புலத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். அதை மோப்பம் பிடிக்கிற கருவி அது. அமெரிக்கர்கள் தங்கள் பி-8ஏ விமானத்தில் இதை விட்டுவிட்டார்கள், இந்தியா கேட்டு வாங்கி வைத்தது.

வேலை நீர்மூழ்கிக் கப்பல்களையும் கப்பல்களையும் கண்காணிப்பது. ரேடார் உண்டு. கடலில் போட்டால் மிதந்துகொண்டே தண்ணீருக்குள் காது வைத்துக் கேட்கிற சோனோபாய் என்ற குழாய்களை நூற்றுக்கு மேல் எடுத்துப்போகும். டார்பிடோவும் ஏவுகணையும் சுமக்கும். முழுச் சுமையோடு கிளம்பும்போது எடை சுமார் 85 டன். 2009 ஜனவரியில் எட்டு விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் விமானம் 2013 மே 15 அன்று அரக்கோணத்தில் வந்து இறங்கியது. பிறகு வாங்கிய நான்கு கோவாவில் இருக்கின்றன. 2014 மார்ச்சில் மலேசிய விமானம் எம்.எச்.370 காணாமல் போனபோது தேடப் போனவற்றில் பி-8ஐ-யும் உண்டு.

இதற்கு முன்பு இங்கே இருந்தது ரஷ்ய டி.யு.-142. பெரியவருக்கு அதன்மேல்தான் பாசம். "அது வந்தா எவர்சில்வர் டம்ளர் ஒண்ணோட ஒண்ணு பேசும் சார். இது என்ன, கார் மாதிரி" என்றார். மிகையில்லை. ஜெட் யுகத்திலும் புரொப்பெல்லரை விடாத விமானம் அது. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். அந்த உறுமல் பல மைலுக்குக் கேட்கும். 1988-இல் கடற்படைக்கு வந்து, 1992-இல் கோவாவிலிருந்து அரக்கோணத்துக்கு இடம் மாறி, 2017 மார்ச் 29 அன்று இங்கேயே ஓய்வு பெற்றது. ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறியே பார்க்கலாம்.

அந்தப் பூதத்துக்குத் தேவைப்பட்டதால்தான் அரக்கோணத்தின் ஓடுதளம் இவ்வளவு நீளம். 4 கிலோமீட்டருக்கு மேல். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளமே 3,658 மீட்டர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கிக் கிடந்தபோது பயணிகள் விமானங்கள் இங்கே வந்து இறங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது கேள்விக்கு வரலாம். பல ஆயிரம் மணி நேரம் பறந்த விமானிகளும் ஏன் திரும்பத் திரும்ப இறங்கிப் பழக வேண்டும்?

நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தது, புது விமானிகளுக்குத்தான் இந்தப் பயிற்சி என்று. பாதிதான் சரி. உண்மையான காரணம் இந்த விமானத்தின் வேலையிலேயே இருக்கிறது. பி-8ஐ தளத்திலிருந்து 1,200 கடல் மைல், அதாவது 2,200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய், அங்கே நான்கு மணி நேரம் சுற்றித் தேடிவிட்டுத் திரும்ப முடியும். போகவர ஆகிற நேரத்தையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம். இத்தனைக்கும் இறங்குவது ஒரே ஒரு முறை. விமானத்தில் இரண்டு விமானிகள் இருப்பார்கள், இறக்குவது ஒருவர்தான். மற்றவருக்கு அன்றைக்கு அதுவும் இல்லை.

சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை, மறுபடி தூத்துக்குடி என்று ஓட்டுகிற பயணிகள் விமானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நான்கு தடவை தரையைப் பார்த்துவிடுவார். கடலைக் காக்கிற விமானிக்கு ஆகாயத்தில் கழிகிற மணிக்கணக்கு ஏறிக்கொண்டே போகும், தரையைத் தொட்ட எண்ணிக்கை மட்டும் ஏறாது. விமானம் ஓட்டுவதில் கைப்பழக்கம் அதிகம் வேண்டியிருப்பதோ அந்தக் கடைசி அரை நிமிஷத்துக்கு. பயணிகள் விமானப் போக்குவரத்தில்கூட, 90 நாளுக்குள் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிராத விமானி பயணிகளை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. பணியில் கிடைக்காத இறக்கங்களை இப்படி ஒரு காலையில் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். எட்டுச் சுற்று போட்டால் எட்டு இறக்கம். நாலை ஒருவர், நாலை இன்னொருவர்.

சரி, அந்த அரை நிமிஷத்தில் என்னதான் நடக்கிறது?

விமானம் ஓடுதளத்தை நோக்கி மூன்று டிகிரிச் சரிவில் வருகிறது. கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் 50 மீட்டர் சொச்சம் இறங்கும், அவ்வளவுதான். ஓடுதளம் தொடங்கும் இடத்துக்கு 3 கிலோமீட்டர் முன்னால் நீங்கள் நின்றால், விமானம் உங்கள் தலைக்கு மேல் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். வேகம் மணிக்கு 260 கிலோமீட்டரை ஒட்டி. அந்த 3 கிலோமீட்டரை நாற்பது வினாடியில் தாண்டிவிடும்.

ஓடுதளத்தின் விளிம்பை 15 மீட்டர் உயரத்தில் கடக்க வேண்டும். அதுவரை வினாடிக்கு நாலு மீட்டர் கணக்கில் இறங்கிக்கொண்டிருந்த விமானம், அதே கணக்கில் தரையில் மோதினால் சக்கரத்துக்கும் ஆகாது, முதுகெலும்புக்கும் ஆகாது. ஆகவே தரைக்கு ஆறேழு மீட்டர் இருக்கும்போது விமானி மூக்கை இரண்டு மூன்று டிகிரி மட்டும் தூக்கி, எஞ்சின் விசையைக் குறைக்கிறார். சீக்கிரம் தூக்கினால் விமானம் மிதந்துகொண்டே போய் ஓடுதளத்தைத் தின்றுவிடும். தாமதித்தால் 'டொம்'. அதிகம் தூக்கினால் நீண்ட வால் தரையில் உரசும். எப்போது, எவ்வளவு என்பதைக் கண்ணும் உட்கார்ந்திருக்கிற இருக்கையும்தான் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து நாலைந்து வினாடி.

பின்சக்கரங்கள் முதலில் தொடும். சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்த டயர் ஒரே கணத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்தாக வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் நீலம் கலந்த புகை ஒன்று சிலிர்த்து எழும். பிறகு மூக்குச் சக்கரம் மெதுவாக இறங்கும்.

வழக்கமான இறக்கமாக இருந்தால் இதற்குப்பின் இறக்கைமேல் இருக்கும் பலகைகள் நிமிர்ந்து விமானத்தைத் தரையில் அழுத்தும், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும், பிரேக் பிடிக்கும். டச் அண்ட் கோவில் இவை எதுவும் கிடையாது. பலகைகள் தாமாக எழாதபடி முன்பே விட்டுவைத்திருப்பார்கள். விமானம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து இருக்கையில் இருக்கும் பயிற்றுநர் மளமளவென்று மூன்று வேலை பார்க்கிறார். இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் முழுக்க விரித்திருந்த ஃப்ளாப் என்ற மடிப்பைக் கிளம்புகிற அளவுக்குச் சுருக்குகிறார். வால் இறக்கையின் சாய்மானத்தை மாற்றி வைக்கிறார். மறந்தால் விமானம் கிளம்பும்போது வேண்டாத வேகத்தில் மூக்கைத் தூக்கும். பலகைகள் படுத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். எஞ்சின் விசையை ஒரேயடியாக முழுக்கத் தள்ளிவிடுவதில்லை. பாதி தள்ளி, ஒரு மூச்சு காத்திருக்கிறார்கள். ஜெட் எஞ்சின் சும்மா சுற்றுகிற நிலையிலிருந்து வேகம் எடுக்கச் சில வினாடி ஆகும், இரண்டும் ஒரே நேரத்தில் எடுக்கும் என்று சொல்லவும் முடியாது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு முந்தி இழுத்தால் வண்டி எப்படிச் சாலையை விட்டுத் திரும்புமோ, அப்படி விமானம் ஒரு பக்கம் வெட்டும். இரண்டு மாடும் கயிற்றை இறுக்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் முழு விசை. கரையில் நின்று கூர்ந்து கேட்டால் இது காதுக்கே தெரியும். முதலில் ஒரு முனகல், ஒரு நொடி தயக்கம், அப்புறம்தான் அந்தக் குபீர். நாலைந்து சுற்று கேட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

இந்த விளையாட்டுக்கு நீளமான ஓடுதளம் எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டு, ஓடி, மறுபடி எழுந்த பிறகும் முன்னால் தாராளமாகத் தரை மிச்சம் இருக்கும். எல்லா இடத்திலும் இந்தக் கொடுப்பினை இல்லை. 2023 நவம்பர் 20 அன்று ஹவாய்த் தீவுகளில், கனியோஹே வளைகுடாவை ஒட்டிய தளத்தில், அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ ஒன்று இறங்கியது. ஓடுதளம் 2,400 மீட்டருக்கும் குறைவு. மழை, ஈரத் தரை, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று. விமானம் ஓடுதளம் முடிந்தும் நிற்காமல் கடலுக்குள் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்த ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பவளப்பாறைமேல் கிடந்த விமானத்தை அடியில் காற்றுப்பை கொடுத்து மிதக்கவைத்துக் கரை சேர்க்க இரண்டு வாரம் பிடித்தது. நம் பி-8ஐ-யின் உடன்பிறப்புதான் அது. கண்காணிப்பு வேலைக்கு அத்தனை நுட்பக் கருவிகள் இருந்தும் கடைசியில் ஈரத்தரை ஜெயித்துவிட்டது.

எல்லாவற்றையும் சிமுலேட்டரில் பழகக்கூடாதா? பழகுகிறார்கள். ராஜாளியிலேயே சிமுலேட்டர் இருக்கிறது. எஞ்சினில் தீ, இரண்டு எஞ்சினும் நின்றுபோவது போன்ற விபரீதங்களை அங்கேதான் பழக முடியும், பழக வேண்டும். ஆனால் அரக்கோணத்து வெயிலில் பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கிளம்புகிற அனல், இறங்குகிற விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடுவதை அச்சு அசலாக எந்தப் பெட்டியாலும் காட்ட முடியாது. அடிவயிற்றில் தெரிகிற அந்தக் கலக்கம் நிஜத்தில்தான் வரும். சுற்றுகளில் சிலவற்றில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே அடக்கி வைத்து, ஒற்றை எஞ்சினில் போகிற மாதிரி இறக்குவதும் உண்டு. சிலவற்றில் தொடாமலே, ஓடுதளத்தின் மேலாகத் தாழப் பறந்து மேலேறிவிடுவார்கள். மேகமோ குறுக்கே எதுவுமோ வந்து இறங்க முடியாமல் போனால் செய்ய வேண்டியதற்கான ஒத்திகை அது. பயணிகள் விமானத்தில் என்றைக்காவது இது நடந்தால் பயந்துவிடாதீர்கள், விமானி சரியான காரியத்தைத்தான் செய்திருக்கிறார்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்தே இறங்கும், எதிர்த்தே கிளம்பும். எதிர்க்காற்று இருந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் குறையும், குறைந்த தூரத்தில் வேலை முடியும். அரக்கோணத்து ஓடுதளம் வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது, நம் இரண்டு பருவக்காற்றுக்கும் அளந்து போட்ட மாதிரி. அதனால் ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது விமானம் திருவள்ளூர்ப் பக்கமிருந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் காவேரிப்பாக்கம் பக்கமிருந்து வரும். "பிளேன் எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்தே காத்து மாறிடுச்சான்னு சொல்லிடுவேன்" என்று பெரியவர் சொன்னதை நான் நம்புகிறேன். காற்று பக்கவாட்டில் அடிக்கிற நாள்தான் பார்க்கச் சுவாரசியம். விமானம் நண்டு மாதிரி மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே வந்து, தொடப்போகிற கடைசி வினாடியில் நேராகும்.

ஏரி நிறைந்திருக்கிற ஊர் என்பதால் பறவைகளும் அதிகம். விமானப்படைகள் பறவைக்கு ஏன் இப்படி அஞ்சுகின்றன என்பதற்கு அலாஸ்காவில் நடந்ததைச் சொல்வார்கள். 1995 செப்டம்பர் 22 அன்று எல்மன்டார்ஃப் தளத்திலிருந்து கிளம்பிய அமெரிக்கக் கண்காணிப்பு விமானம் ஒன்று, முதுகில் பெரிய ரேடார்த் தட்டைச் சுமக்கும் இ-3 வகை, வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. இடப்பக்கத்து இரண்டு எஞ்சினும் பறவைகளை விழுங்கின. உள்ளே இருந்த 24 பேரும் இறந்தார்கள். விமானத் தளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கழிவைக் கொட்டாதே என்று நம் நாட்டில் விதி வைத்திருப்பதன் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது. கோழிக் கடைக்காரர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ராணுவத் தளம். மதில் ஓரமாகப் போய் நிற்காதீர்கள், போட்டோ, வீடியோ எடுக்காதீர்கள். தடை எழுதிய பலகைகள் சும்மா வைக்கப்படவில்லை. ஊருக்கு வெளியே, சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டு கண்ணால் பார்ப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். அதுவே போதும். காதைத் தீட்டிக்கொண்டால் கேமராவில் கிடைக்காததெல்லாம் கிடைக்கும்.

அன்றைக்கு நான் எண்ணியவரை ஏழு சுற்று. பையனின் பஸ் நான்காவது சுற்றிலேயே வந்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டி ஐந்தாவதையும் பார்த்துக்கொண்டே போனான். எட்டாவது முறை விமானம் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியபோது நான் வழக்கம்போல முனகலுக்குக் காத்திருந்தேன். முனகலும் வரவில்லை, தயக்கமும் இல்லை. கரகரவென்று ஒரு சீறல் எழுந்து, நீண்டு, படிப்படியாக அடங்கியது. காவேரிப்பாக்கம் பக்கத்து வானத்தில் எதுவும் ஏறவில்லை.

"நிறுத்திட்டான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பாய்லர் பக்கம் திரும்பினார்.